கீறேன் ஆண்டவரே

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை செய்த பட்டறையில் எட்டு பிரஸ் மிஷின். சைக்கிள் மணிக்கு மேலே கவிழ்ந்திருக்கிற கிண்ணம் இருக்கிறதே, அதைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கிற வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வட்டத் தகட்டை வலது கையால் அச்சில் வை. கையை எடு. காலால் பெடலை மிதி. மேலேயிருந்து இருபது டன் இறங்கும். கிண்ணம் தயார். இடது கையால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த தகட்டை எடு. நடுவில் சொன்னேனே, கையை எடு என்று, அதுதான் முழு வேலையும். அதை ஒரு தடவை மறந்தவர்கள் எங்கள் பட்டறையிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் டீ கிளாஸைப் பிடிக்கிற விதமே வேறு.

தேவராஜ் 84-ஆம் வருஷம் வந்து என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வீடு. பிறவிக் கிறிஸ்தவர் இல்லை, அன்னம்மாளைக் கட்டின பிறகு ஞானஸ்நானம் வாங்கினவர். சபையில் பாட்டு முடிகிறவரைக்கும் ஆள் சரியாக இருப்பார். பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். ஆறு நாள் பெடல் மிதித்தவனை ஏழாம் நாள் கண்ணை மூடச் சொன்னால் வேறு என்ன வரும்?

அன்னம்மாள் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சொல்லிவிட்டது.

"யோவ், உனுக்கு நீட்டி ஜெபம் பண்ண வராது. உட்டுடு. வேல செய்ற எடத்துல ரெண்டே வார்த்த சொல்லு. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்குது."

அந்த ரெண்டு வார்த்தையை தேவராஜ் அப்படியே பிடித்துக்கொண்டார். தகட்டை வைக்கும்போது 'ஆண்டவரே'. கை வெளியே வந்ததும் 'இரங்கும்'. அப்புறம் மிதி. பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, உதடு மட்டும் அசையும். பாக்கு மெல்லுகிறார் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். டீ நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, நாள் பூரா வாயில இன்னாத்த மென்னுக்கினு கீற?"

"ஜெபம்பா."

"மிஷினாண்டயா?"

"மிஷினாண்டதான, வேம்புலி, வெரலு கீது."

மூன்றாவது மிஷின் துலுக்கானத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப ஞாயித்துக்கெயம வெரல ஊட்ல கயட்டி வெச்சிட்டா கோயிலுக்குப் போற?" என்றான். தேவராஜும் சேர்ந்து சிரித்தார்.

கிண்டல் செய்தோமே தவிர, அந்த ஜெபத்தில் விஷயம் இருந்தது. எங்கள் கையும் காலும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கும். அவருக்கு மட்டும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளியில் கை வெளியே வந்துவிடும். ஆறு வருஷத்தில் அவர் விரலில் ஒரு கீறல் கிடையாது.

90-ஆம் வருஷக் கடைசியில் ஒவ்வொரு மிஷினிலும் கவுண்டர் மாட்டினார்கள். ஒரு மிதிக்கு ஒரு எண் ஏறும். சாயங்காலம் சூப்பர்வைசர் வீரராகவன் வந்து பார்த்து எழுதிக்கொள்வார். எங்களுக்கு அது தலையில் உட்கார்ந்த சனியன். தேவராஜுக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. ஒரு மிதிக்கு ஒரு ஜெபம் என்றால், கவுண்டர் காட்டுவது ஜெபக் கணக்குதானே? ஒரு நாளைக்கு நாலாயிரம்! மிஷினுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரத்தில், அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் சொல்கிற நேரத்தில், எழுந்து நின்று, "இந்த வாரம் இருவத்தி நாலாயிரம் ஜெபம்" என்றாராம். மொத்த சபையும் அல்லேலூயா போட்டிருக்கிறது. அதுவரைக்கும் அங்கே தூங்கிக்கொண்டிருந்த மனுஷன். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் பத்து லட்சம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் உதடு வேகம் பிடித்தது. ரெண்டு வார்த்தையும் ஒட்டிக்கொண்டு ஒரே முனகலாகிவிட்டது. கண் அச்சைப் பார்ப்பதைவிட கவுண்டரைப் பார்ப்பது அதிகம். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சாமி விஷயம், நமக்கு ஏன் என்று விட்டுவிட்டேன்.

91 செப்டம்பர். ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம். சுவரில் எட்டரை லட்சம் தாண்டியிருந்தது. ஒரு தகடு அச்சில் கோணலாக உட்கார்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் காலைத் தரையில் வைத்துவிட்டு, கம்பியால் தள்ளிச் சரி செய்ய வேண்டும். தேவராஜ் ஆள்காட்டி விரலால் தள்ளினார். அதே நேரம் வாய் 'இரங்கும்' என்றது. அந்தச் சொல்லுக்குத்தான் காலை அத்தனை வருஷமாகப் பழக்கி வைத்திருந்தாரே, கால் மிதித்துவிட்டது.

விரலில் ரெண்டு கணு போய்விட்டது. அவர் இடது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் துண்டால் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் அவர்தான் பேச ஆரம்பித்தார்.

"வேம்புலி, நா அங்க இல்லப்பா."

"எங்க இல்ல?"

"மிஷினாண்ட. கிறிஸ்மஸ் அன்னிக்கு மேடையில நின்னுக்கினு பத்து லச்சம்னு சொல்லிக்கினு இருந்தேன். வாய் அது பாட்டுக்கு ஜெபம் பண்ணிக்கினு இருந்துச்சு."

ஒரு மாசம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காயம் ஆறிக்கொண்டு வந்தது. அன்னம்மாள் சோறு போட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்யத் தலை குனிந்தார் தேவராஜ். 'ஆண்டவரே' என்று ஆரம்பித்ததும் அவர் வலது கால் சிமெண்டுத் தரையை ஓங்கி மிதித்தது. ரெண்டு வார்த்தையும் ஒட்டிப்போனதில் 'இரங்கும்' வருகிறவரைக்கும் அது காத்திருக்கவில்லை. தண்ணீர் சொம்பு ஆடிப்போனது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"இப்டிதாம்பா," என்றது அன்னம்மாள். "ஆண்டவரேன்னு வாயத் தொறந்தாலே காலு மிதிக்குது. சபையில பக்கத்துல குந்தினு இருந்தவரு கால மிதிச்சிட்டாரு. இப்ப ஜெபமே பண்றது இல்ல."

தேவராஜ் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தார். அந்தப் பாதி விரல் சோற்றில் படாமல் தூக்கிக்கொண்டே இருந்தது.

துலுக்கானம் பட்டறையில், "ஜெபமே வெரல எடுத்துக்கினு பூட்ச்சுப்பா" என்றான். தப்பு என்று அவனை அடக்க எனக்கு வழியில்லை. நடந்தது அதுதான்.

வீரராகவன் கெடு சொல்லி அனுப்பினார். "டிசம்பர் ரெண்டாம் தேதி வரச் சொல்லு. பிரஸ்ல உக்காந்தா உக்காரட்டும், இல்லேன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போகட்டும். பேக்கிங்ல இருக்கிற ஆளுக்கே எங்கிட்ட வேலை இல்ல." மனுஷன் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலேயும் ஆள் இருந்தது. ஆனால் தேவராஜுக்கு பிரஸ்ஸைத் தவிர வேறு வேலை தெரியாது. ஜெபிக்காமல் பிரஸ்ஸில் உட்காரத் தைரியம் இல்லை. ஜெபித்தால் கால் தானாக மிதிக்கும். வேலையும் போய், சாமியும் போய், ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ரெண்டாம் தேதி திங்கட்கிழமை வந்தார். காலை எட்டு மணிக்கு வாசலில் வரிசையாக நின்று பேர் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். வீரராகவன் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிடுவார், தலையைத் தூக்கமாட்டார். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் குரல் கொடுத்து ஏமாற்றிய காலமெல்லாம் உண்டு. மாட்டினவனுக்கு மூன்று நாள் வேலை கிடையாது. அதனால் ஆள் இருந்தால்தான் 'இருக்கிறேன்' என்று சத்தம்.

"துலுக்கானம்."

"கீறேன் சார்."

"வேம்புலி."

"கீறேன் சார்."

"தேவராஜ்."

மூன்று மாசத்துக்கு அப்புறம் அந்தப் பேரைக் கூப்பிட்டதும் வீரராகவனே தலையைத் தூக்கிப் பார்த்தார். தேவராஜ் தன் கையை ஒரு தடவை பார்த்தார், காலைப் பார்த்தார்.

"கீறேன் சார்."

நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. எல்லாரும் உள்ளே போன பிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

மிஷினில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஒன்றும் செய்யவில்லை. துலுக்கானம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, மிஷினு மூஞ்சியே பாத்துக்கினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?"

தேவராஜ் சிரித்துவிட்டார். ஒரு தகட்டை எடுத்து அச்சில் வைத்தார். கையை வெளியே எடுத்து மடியில் வைத்து அதைப் பார்த்தார், நாலரை விரலையும். உதடு அசைந்தது. கால் தரையிலேயே இருந்தது. அதற்கப்புறம் அவராகக் காலைத் தூக்கிப் பெடலில் வைத்து மிதித்தார். ஒரு கிண்ணம் விழுந்தது.

டீ நேரத்தில் கேட்டேன். "பழைய ஜெபமா அண்ணாத்தே?"

"இல்லப்பா. அட்டெண்டன்ஸ் குடுக்கிறேன்."

"யாருக்கு?"

"ஆண்டவருக்குத்தான். அவுரு தேவராஜுன்னு கூப்புட்றாரு. நா கீறேன் ஆண்டவரேன்னு சொல்றேன். ஆனா மெய்யாலும் கீறேனான்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். எங்கியோ சுத்திக்கினு இருந்துட்டு கீறேன்னா பொய்யாப் பூடும்ல?"

"இல்லன்னா இன்னா பண்ணுவ?"

"மிதிக்க மாட்டேன். வர்ற வரிக்கும் குந்தினு கீறேன். சிலப்ப வர்றதுக்கு நேரமாவுது."

அன்று சாயங்காலம் கவுண்டரில் ஆயிரத்து நூறு. வீரராகவனுக்கு முகம் சிவந்தது.

"என்னய்யா இது? பாதி நாள் தூங்கினியா?"

"தூங்கல சார். பாதி நாள் நா இல்ல. இல்லாதப்ப மிதிக்கல."

"நாள் பூரா இங்கதானய்யா உக்காந்திருந்தே?"

"ஆமா சார்."

வீரராகவன் என்னைப் பார்த்தார். நான் தகட்டைப் பார்த்தேன்.

வாரக் கடைசியில் எண்ணிக்கை ஆயிரத்து அறுநூறுக்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. சனிக்கிழமை வீரராகவன் அவர் மிஷினுக்குப் பின்னால் வெகு நேரம் நின்றார். சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தோம். மூலையில் ஒரு எண்பது டன் பிரஸ் இருந்தது. சைக்கிள் கேரியர் தகடு அடிப்பது. பெரிய தகடு, ரெண்டு கையும் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு வந்தாலே அதிகம். அதில் உட்காரச் சொன்னால் ஆட்கள் காய்ச்சல் என்று லீவு போடுவார்கள்.

"திங்கக்கிழமைலேர்ந்து அங்க போ," என்றார் வீரராகவன். "அதுல அவசரப்படுறவன் எனக்கு வேணாம்."

இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அந்த மிஷினுக்கு ஆள் வேண்டியிருந்தது. தேவராஜ் அன்றைக்கே சுவரிலிருந்த சாக்பீஸ் எழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்த மூலை மிஷின் அவருடையது. மிச்ச ஒன்பதரை விரலும் இன்னும் அவரிடமே இருக்கிறது.

அந்த ஜெபம் பட்டறையோடு நிற்கவும் இல்லை. அடிபம்பில் குடம் நிரம்பும்போது, பஸ் படியில் கால் வைக்கும்போது, சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் என்று நின்று நிதானித்து அதே ஒரு வரிதான். "முன்னெல்லாம் இந்தாளக் கூப்புட நாலு தபா கத்தணும். இப்ப ஒரு தபா கூப்ட்டா திரும்பிப் பாக்குறாரு," என்றது அன்னம்மாள். அதன் கணக்கில் அதுவே பெரிய அற்புதம்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு என்னை பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் சபைக்கு வா என்றார் தேவராஜ், போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கலர் காகிதத் தோரணம், ஆண்களுக்கு ஒரு பக்கம் பாய், பெண்களுக்கு ஒரு பக்கம். அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் மறக்காமல், "நம்ம தேவராஜ் பிரதர் பத்து லட்சம் ஜெபம்னு சொல்லியிருந்தார், கர்த்தர் என்ன செஞ்சார்னு அவரே சொல்வார்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜ் எழுந்தார். கையை மறைக்கவில்லை.

"ஸ்தோத்திரம். பத்து லச்சம் ஆவல. எட்டரையோட நின்னு பூட்ச்சு. அதுல மெய்யாலும் நா பண்ணது எத்தினின்னு தெரியாது. இப்பல்லாம் வாரத்துக்கு நா பண்றது ஒரு ரெண்டாயிரம் இருந்தா அதிகம்."

உட்கார்ந்துவிட்டார். சபைக்கு அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அன்னம்மாளின் குரல் மட்டும், "ஆமென்" என்றது.

"ஜெபிப்போம்," என்றார் பாஸ்டர். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. "ஆண்டவரே" என்று பாஸ்டர் ஆரம்பித்தார், நல்ல கனத்த குரல். தேவராஜின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாய்மேல் சும்மா கிடந்தது. ஜெபம் முடிய கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மனுஷன் தூங்கவும் இல்லை.