ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி

வார்டன் அக்காவுக்கு இளகின மனசு. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்றே எப்போதும் சிடுசிடுப்பாள். ஆதரவில்லாமல் விடுதியில் வளர்ந்த பெண்களுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும், வெளியே ஒரு வேலையும் அறையும் பார்த்துக் கொடுத்து, அவர்கள் சொந்தக்காலில் நிற்கும்வரை போய்வந்து பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வங்கியில் எப்படிப் பேசுவது, குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரை எப்படி நச்சரிப்பது, எல்லாம் சொல்லிக் கொடுப்பாள். ஒவ்வொருத்தியை அனுப்பிய பிறகும் ஒரு வாரம் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசமாட்டாள்.

வாலு விஷயத்தில் அந்த ஒரு வாரம்கூட முடியவில்லை. கைக்குழந்தையாக வந்து, அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்த பெண் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாடியில் ஒற்றை அறை. அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் திரும்பி வந்துடறேன்."

அவள் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்தாயிற்று. இடமே இருந்தாலும் வா என்று சொல்லக் கூடாது. இப்போது திரும்பினால் அடுத்த முறை வாசல் தாண்டவே பயப்படுவாள். அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் அடித்துப் பிடித்து ஓடினாள்.

கதவருகே பை கட்டித் தயாராக இருந்தது. அடுப்பில் ஒரு பானைச் சோறு, மலை மாதிரி.

"யாருக்குடி இவ்வளவு?"

"எனக்குத்தான்."

வாலுவுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. விடுதி அடுப்படியில் நின்று கற்றவள்தான். அங்கே எல்லாம் அண்டாக் கணக்கு. ஒரு வயிற்றுக்கு எவ்வளவு என்பது மட்டும் கைக்குப் பிடிபடவில்லை.

"தினமும் மிச்சத்தைக் கொட்டுறேன்க்கா. அப்பதான் எனக்கு யாருமே இல்லேன்னு தெரியுது."

"இதுக்கா அழுவுற? தள்ளு, நான் காட்டுறேன்."

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சோற்றை இறக்கிவைத்துவிட்டு, வேறொரு பானையில் புதிதாக அரிசியை அளந்து போட்டாள். யோசித்தாள். இன்னொரு பிடி போட்டாள். மனசு கேட்காமல் இன்னும் ஒன்று. சற்று நேரத்தில் சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. வாலு பானையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கும் தெரியாதா?"

தெரியாதுதான். சின்ன வயதில் வேலைக்கு வந்தவள், அன்றிலிருந்து அதே அண்டாச் சோறு. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் தனியாக வாழச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு நாள்கூடத் தனியாக வாழ்ந்ததில்லை. அசடு வழிய நின்றாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கேட்டாள். "ரிட்டயர் ஆனா எங்கக்கா போவீங்க?"

"எனக்கென்ன, நானும் இப்படி ஒரு ரூம் பாத்துக்குவேன்." அடுத்த வருஷம்தான் ஓய்வு. சொல்லிவிட்டு அக்கா அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை நாள் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. இவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. 'பையை எடுடி' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாலு கதவருகே போனாள். பையை அவிழ்த்து இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. அதுக்குள்ள ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சு வைக்கிறேன், உங்களுக்கும் சொல்லித் தர்றேன். இப்ப உக்காருங்க. என் வீட்டுக்கு வந்துட்டு யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது."