வெட்டிய வால்

கணக்கின் விடையைச் சுருக்குவது என் வேலை. தொகையீட்டைப் போட்டால் விடையைச் சூத்திரமாகவே தரும் ஒரு மென்பொருளுக்காகச் செய்கிறேன். செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை. எனக்கும் நண்பனுக்கும் இரண்டு மேசை. அவன் பைக்கை லாரி அடித்த பிறகு ஒன்று காலி.

"நெனச்சாலே முக்தி குடுக்கிற ஊருப்பா. இங்கயே போயிட்டான், குடுத்து வச்சவன்" என்றார் வீட்டுக்கார அம்மா. எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

அவன் போய்த் தொலைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எந்தக் கணக்கைப் போட்டாலும் விடை அவன் வெட்டிய வெட்டில்தான் வந்து நிற்கிறது. நீளமான விடை அவனுக்கு ஆகாது. விடையின் கடைசியில் ஒட்டி வரும் கூடுதல் உறுப்பை வால் என்பான்.

"இன்னா மச்சான், பதிலுக்குக் கொரங்கு மாதிரி வாலு?"

"அது வேணும்டா."

"வகையிட்டுப் பாரு. வாலு இருந்தாலும் இல்லன்னாலும் அதே கணக்குதான் திரும்பி வருது. அப்புறம் எதுக்கு?"

வெட்ட ஒரு விதி எழுதினான். அவன் போன பிறகும் அது ஓடியது.

போன வாரம் பம்பு செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து புகார். சக்கரம் முழுச் சுற்று சுற்றினால் செய்த வேலை பூஜ்யம் என்கிறதாம் எங்கள் மென்பொருள். கூட்டுவது எல்லாமே பூஜ்யத்துக்கு மேல். கூட்டினால் எப்படிப் பூஜ்யம் வரும்? விடையை வரைந்து பார்த்தேன். கோடு பாதிச் சுற்று வரை ஏறி, சடாரென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறிப் புறப்பட்ட உயரத்திலேயே முடிந்தது. கிரிவலம் சுற்றி வந்தவனிடம் நீ ஓர் அடிகூட நடக்கவில்லை என்பது மாதிரி. விழும் இடத்தில் கோட்டைத் தூக்கிவிடுவதுதான் வாலின் வேலை. வகையிட்டால் வால் மறைந்துவிடும். அவன் சோதனையில் அது சிக்கவே சிக்காது.

"அந்த விதியைத் தூக்கிடுங்க" என்றார் மேலாளர். அவன் செய்ததில் இன்னும் ஓடுவது அது ஒன்றுதான். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. காலி மேசையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒரு தடவ வரைஞ்சு பாத்திருந்தா செத்தா போயிருப்ப?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

விதியை எடுத்தேன். அதே கணக்கைப் போட்டேன். விடை நீளமாக, வாலோடு வந்தது. முழுச் சுற்றுக்கும் எண் சரியாக இருந்தது. இன்னொரு தடவை போட்டேன். பக்கத்து மேசையிலிருந்து யாரும் திட்டவில்லை.