பேசட்டும் உடுங்க

லாரியின் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு வின்ஸ்டன் தூங்குகிறார். தலைக்கு மேலே எஞ்சின் சூடு ஆறிக்கொண்டிருக்கிறது. அவசரக்கார டிரைவர் இரண்டு தரம் செருமிப் பார்க்கிறார். பிறகு வேண்டுமென்றே கேபின் கதவை ஓங்கிச் சாத்துகிறார். ம்ஹூம், அசைவில்லை. தானாக எப்போதோ விழித்தவர் புறங்கையை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்து, "இன்னும் காய்ச்சல் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். என்ன தூக்கமப்பா இது என்று பட்டறையே சிரிக்கிறது.

சூலூரில் திருச்சி ரோட்டுப் பட்டறைகளுக்கு டேப்பட் செட் பண்ண வேண்டுமென்றால் இவர்தான். வின்ஸ்டன் என்ற பெயர் வாயில் நுழையாத ஒரு டிரைவர் எந்தக் காலத்திலோ பிஸ்டன் என்று கூப்பிட்டு வைக்க, அன்றிலிருந்து அவர் பிஸ்டன் அண்ணன். சர்ச்சுக்குள் ஆயரே ஒருமுறை ஜெபத்தில் வாய் தவறி "பிஸ்டன் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று கேட்டுவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. வின்ஸ்டன் அதை மறுப்பதில்லை.

எஞ்சினுக்குள் பென்சில் கனத்தில் புஷ்ராடு என்று கம்பிகள் வரிசையாக நிற்கும். அவை ஏறி ராக்கர் என்ற நெம்புகோலை உந்த, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு அந்தச் சந்தை அளந்து வைப்பதுதான் டேப்பட் செட். சந்து கூடினால் டிக் டிக்கென்று சத்தம் வரும். குறைந்தால் சத்தமே இராது, ஆனால் வால்வு முழுக்க மூடாமல் சீக்கிரமே கருகிப்போகும். வண்டிக்காரர்களுக்கு இது புரிவதில்லை. சத்தமில்லாமல் இறுக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். வின்ஸ்டன் எஞ்சின்மேல் ஒரு காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "பேசட்டும் உடுங்க. பேசறது ஒன்னும் பண்ணாது. கம்முனு இருக்கறதுதானுங்க வால்வைத் தின்னுபோடும்."

வேலை முடித்து எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொல்வார். "இந்த வண்டியோட போதும்ங்க." இதைச் சொல்லாமல் அவர் எந்த வண்டியை விட்டும் இறங்கியதில்லை. அடுத்த வண்டி வந்தால் அதே முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். இடுப்பு போய்விட்டது, கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அதையெல்லாம் அவரே ஊருக்கெல்லாம் சொல்லிப் புலம்புவார். சொல்லாதது ஒன்றுதான். அவருக்குக் காது போய்விட்டது.

வீட்டில் கூப்பிட்டால் திரும்பாதபோது, கல்யாணமான ஆண்களுக்கெல்லாம் வருகிற மந்தம்தான் இது என்று மனைவி விமலாராணி முதலில் நினைத்தார். குக்கர் விசிலும் கேட்கவில்லை என்றதும்தான் கோயமுத்தூருக்கு இழுத்துப்போனார். கனத்த சத்தம் ஓரளவு கேட்கும், மெல்லிய கூரான சத்தங்கள் போனது போனதுதான் என்றார் டாக்டர். டேப்பட் சத்தத்தைவிடக் கூரானது எது? காதில் மாட்டக் கொடுத்த மெஷின் பட்டறைக்குள் நுழைந்ததும் எல்லா இரைச்சலையும் ஒன்றாக அள்ளிக் கொட்டியது. அது இப்போது பீரோவில் கிடக்கிறது.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி. காது கேக்காதவன் கையில எவன் எஞ்சினக் குடுப்பான்?"

"நான் சொல்லலீங்க. என்னைக்காவது ஒரு வண்டி சொல்லிப்போடுமுங்க" என்றார் விமலாராணி.

வின்ஸ்டனும் சமாளித்துத்தான் பார்த்தார். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். சந்தில் அளவுத் தகட்டை விட்டு இழுத்தால் சரியா தப்பா என்று விரலே சொல்லிவிடும். ஸ்டார்ட் செய்த பிறகு நீள ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொள்வார். அதிர்வாவது தெரியும். அதையும் ஒரு ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டார்கள். சத்தம் பற்றிக் கேட்டால் அதே பதில்தான். முன்பு கேட்டுவிட்டுச் சொன்னதை இப்போது கேட்காமலே சொன்னார். பாவம், வேறென்ன செய்வார்?

முஜீப் உக்கடத்துக்காரர். சொந்த லாரியில் பொள்ளாச்சித் தேங்காய் ஏற்றுகிறவர். போன மாதம் எஞ்சின் ஹெட்டை இரண்டாம் தடவையாகக் கடைசலுக்குக் கொடுத்து மட்டம் இழைத்து வந்தார். இழைக்க இழைக்க ஹெட் தாழ்ந்துகொண்டே போகும். புஷ்ராடோ பழைய நீளத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். வின்ஸ்டன் ஒவ்வொரு ராடையும் கண்ணாடிமேல் உருட்டி வளைவு பார்த்தார், நீளம் அளந்தார், ராக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் தகடு கொடுத்துத் தூக்கினார். குறை சொல்ல முடியாத வேலை. இடையில் முட்டி வலித்து இறங்கி உட்கார்ந்து மறுபடி ஏறியதில், சந்து மாறாமல் பிடித்து வைக்கிற லாக் நட்டுகளில் ஒன்று மட்டும் கையால் திருகியதோடு நின்றுவிட்டது. இதற்கு முன்னும் இப்படி நேர்ந்ததுண்டு. அப்போதெல்லாம் அந்த ஒன்று தனியாகக் கத்தி அவரிடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தடவையும் அது கத்தியது. கேட்டது முஜீபுக்கு. "ஒன்னு மட்டும் தனியாக் கத்தறாப்புல இருக்குதுங்களே அண்ணா?"

வின்ஸ்டன் பிடியைத் தாடையில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பேசட்டும் உடுங்க."

முஜீப் லோடோடு திரும்பும்போது கிணத்துக்கடவுப் பக்கம் பாலத்து ஏற்றத்தில் நட்டு கழன்று, புஷ்ராடு குழியைவிட்டுத் துள்ளி வளைந்தது. இழுவை இல்லாமல் லாரி நடுப்பாலத்தில் நின்றுபோனது. பின்னால் ஒரு காலேஜ் பஸ். அந்த டிரைவர் ஒடித்துத் திருப்பியதால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த முஜீப் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நட்டு மட்டமான சரக்குங்கண்ணா. உங்க கை தப்பாதுங்களே" என்று வளைந்த ராடை நீட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வின்ஸ்டன் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கை அவரை அறுத்தது. பஸ்ஸில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டார். பஸ் நிறைய என்று பதில் வந்தது.

அன்று எஞ்சின் ஆறும்வரை அவர் தூங்கவில்லை. புது ராடை அளந்து போட்டார். ஒவ்வொரு நட்டையும் இறுக்கினார், முதலிலிருந்து மறுபடி ஒருமுறை இறுக்கினார். முஜீப் ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி வந்தார். அடுத்த முறைக்கு நின்ற அன்னூர் லாரிக்காரரும், பட்டறை ஆட்களும் கூடி நின்றார்கள்.

"இப்பச் சரியா இருக்குதுங்களா அண்ணா?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வரப்போகும் பதில் அவர்களுக்கு மனப்பாடம். வழக்கமான அந்த வாக்கியம் அவர் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினார். முஜீப் முகத்தை நேராகப் பார்த்து, ஆயில் விரலால் தன் வலது காதைத் தொட்டார். இடது காதையும் தொட்டார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.