கூரை மட்டும் தெரிந்த படம்

திருச்சியிலிருந்து வந்த சாய்பிரியாவுக்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் வேலை. புயலடித்ததும் பல நாட்டு விண்வெளி நிறுவனங்கள் சுந்தரவனத்தைப் படமெடுத்து இலவசமாக அனுப்பின. புயலுக்கு முன்பே நிவாரண வேலைக்குப் போன அவள் கணவன் சிபி அங்கே ஒரு தீவுப் பள்ளியில் இருந்தான்.

ஐரோப்பிய ரேடார் படத்தில் தீவு முழுக்கக் கறுப்பு. கறுப்பு என்றால் தண்ணீர்.

“தீதி, ஜப்பான் படம் இன்னும் தெளிவா இருக்கும்,” என்றான் அவளை வங்காளத்தில் அக்கா என்றழைக்கும், உடன் வேலைபார்க்கும் ராகவ்.

அதில் பள்ளியின் கூரை மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. மீட்புப் படகுகளுக்கு அவளே அந்த இடத்தைக் குறித்து அனுப்பினாள்.

மறுநாள் அவள் போய்க் காத்திருந்த படகுத்துறையில் பதினொரு பேர் உயிரோடு கரைசேர்ந்தார்கள். சிபி இல்லை.

“எங்களையெல்லாம் கூரையில ஏத்திவிட்டது அவர்தாம்மா. அவர் ஏறுறதுக்குள்ள வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு,” என்று வங்காளத்தில் சொல்லி ஒருத்தி அழுதாள்.

சாய்பிரியா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.