தோற்றவர் வாங்கும் போண்டா

பெருங்களத்தூரில், பண்டிகைக்கு ஊருக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே வண்டி நகராமல் நின்றிருந்தபோது செல்வியின் அழைப்பு வந்தது. செல்வி எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். சத்தமாகவே பேசிப் பழகியவர். அன்று குரலே எழும்பவில்லை. “சார், எஸ்தர் மேடம் பூட்டாங்க சார்” என்றார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

எஸ்தர் அவர்கள் எங்கள் மனிதவளப் பிரிவின் மேலாளராக இருந்தவர். நான் உற்பத்தி மேலாளர். ஏறக்குறைய ஒரே வயது, எதிரெதிர் அறை. தாம்பரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்கும் வந்தவர். அடக்கத்தின்போது ஒருவர் அவரை அன்பானவர், அமைதியானவர் என்றார். அன்பானவர்தான். அமைதியானவர் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வி கேட்டே உயிரை வாங்கிவிடுவார்.

அவர் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், “பண்டிகை முடிஞ்சா வேலை மந்தமாத்தான் இருக்கும், எல்லாருக்கும் தெரியும்” என்றேன்.

“எல்லாரும்னா யாரு சார்? எதை வச்சுச் சொல்றீங்க?” என்றார்.

குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது. என் அனுபவத்தை வைத்துத்தான் என்று காட்டமாகச் சொன்னேன். “அனுபவமும் சாட்சிதான் சார். ஆனா ஒரே ஒரு சாட்சி. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுடலாமே” என்றார்.

போண்டா வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். எந்த முடிவானாலும் அவரவர் நினைப்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு விசாரிப்போம், சின்ன அளவில் செய்து பார்ப்போம். யார் நினைத்தது தவறோ, அவர் தேநீர் வேளையில் எல்லாருக்கும் போண்டா வாங்க வேண்டும். “முன்னாடியே சொல்ல வைக்கலன்னா, அப்புறம் ஆளாளுக்கு ‘நான் அப்பவே சொன்னேன்’பாங்க சார்” என்பார். முதலாளிக்கும் விலக்கு இல்லை. எங்கள் தவறுகளால் கேன்டீன்காரருக்கு நல்ல வியாபாரம்.

ஒரு சமயம், நகரத்துக் குடிசைவாசிகளை மாற்றிக் குடிவைத்திருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் சேர்ந்த வேகத்தில் வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். இனி அந்தப் பக்கத்திலிருந்து ஆளே எடுக்க வேண்டாம் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். எஸ்தர் மட்டும் மறுத்தார். “ஊர்ப் பேரைக் கேட்டதும் வேலை இல்லன்னு சொல்லப் போறோம். அதுக்கு முன்னாடி ஏன் போறாங்கன்னு பார்த்துடலாம் சார்” என்று அவகாசம் வாங்கினார்.

வழக்கம்போல முதலில் ஊகங்கள். உழைக்க மனமில்லை என்றார் முதலாளி. பக்கத்து கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறார்கள் என்றேன் நான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார் எஸ்தர். குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அவர் பல வருஷமாகக் கேட்டுவந்தார்.

மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளையும் தேடிப் படித்தார். “என்ன கேக்கணும்னு அது சொல்லும் சார். பதிலை நாமதான் இங்க தேடணும்” என்றார். நான் எங்களிடம் வேலையில் இருந்த பெண்களை விசாரிக்கத் தொடங்கியதும் தடுத்தார். “இருக்கறவங்களைக் கேட்டா எப்படி? போனவங்களைத்தானே கேக்கணும்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் ஆராதனை முடிந்த கையோடு என்னையும் பெரும்பாக்கத்துக்கு இழுத்துப் போனார். நாங்கள் முதலில் தட்டிய கதவு செல்வியுடையது. அவரும் அப்போது வேலையை விட்டிருந்தார்.

“புள்ளைய எங்கம்மா பாத்துக்கும் மேடம். கம்பெனி பஸ்ஸுதான் பேஜாரு. மொதல்ல எங்களை ஏத்திக்கினு மேடவாக்கம், கோவிலம்பாக்கம்னு ஊரெல்லாம் சுத்திக்கினு போவுது. இங்க தண்ணி வர்ற நேரத்துக்கு கரெக்டா வந்து நிக்குது. நான் தண்ணி புடிப்பேனா, பஸ்ஸு புடிப்பேனா?”

படியிறங்கும்போது, “காரணம் கிடைச்சாச்சே மேடம்” என்றேன். “ஒருத்தங்கதானே சொல்லியிருக்காங்க” என்றபடி அடுத்த கதவைத் தட்டினார். அடுத்தடுத்த ஞாயிறுகளும் அப்படியே போயின. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் பெரும்பாலானோர் பஸ்ஸைத்தான் சொன்னார்கள்.

அதற்கும் அவர் திருப்தியடையவில்லை. வேலையை விட்டவர்களில் திரும்பி வரச் சம்மதித்தவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும், சீட்டுக் குலுக்கி, இரண்டு பஸ்களுக்குப் பிரித்தார். ஒரு பஸ் பழைய வழியிலேயே ஓடியது. இன்னொன்று கோவிலம்பாக்கத்தில் கிளம்பி, பெரும்பாக்கத்துக்குக் கடைசியாக வந்தது. சில மாதங்களில் பழைய பஸ்ஸில் இருக்கைகள் காலியாகிக்கொண்டே போயின. திருப்பிவிட்ட பஸ்ஸில் அநேகமாக எல்லாரும் நிலைத்தார்கள். கோவிலம்பாக்கத்துக்காரர்கள் முனகினார்கள், ஆனால் அதற்காக யாரும் வேலையை விடவில்லை என்பதையும் அவரே விசாரித்துச் சொன்னார். முதலாளி பழைய பஸ்ஸையும் அதே போலத் திருப்பச் சொன்னார். பெரும்பாக்கத்துப் பெண்களுக்கு எங்கள் கதவு மூடப்படவில்லை.

அன்று தோற்றவர்கள் மூன்று பேர். கேன்டீனுக்கு முதலில் போனவர் எஸ்தர். “காப்பகம் வேணும்னு இனிமேலும் கேப்பேன் சார். ஆனா இவங்க போனதுக்குக் காரணம் அது இல்ல” என்றார். தான் நினைத்தது தவறென்று தெரிந்து அவ்வளவு நிம்மதியாகச் சிரித்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம் நோய் வந்தது. மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது மிகவும் இளைத்திருந்தார். மருத்துவர்களிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார் என்று அவருடைய கணவர் சொன்னார். ஆனாலும் என்னிடம், “தை மாசம் வேலைக்கு வந்துடுவேன் சார். நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“நானும் அதேதான் சொல்றேன் மேடம்.”

“எதை வச்சுச் சொல்றேன்னு கேக்க மாட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. “ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா போண்டா யாரு சார் வாங்கறது?” என்று சிரித்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி.

அடக்கத்துக்கு மறுநாள் தேநீர் வேளையில் எல்லாருக்கும் போண்டா வாங்கினேன். தட்டைக் கையில் வாங்கிய செல்வி, “இன்னிக்கு யாரு சார் தோத்தது?” என்றார்.

“நானும் மேடமும்” என்றேன்.



உங்களுடையதையும் சேர்த்தே வாங்கிவிட்டேன் மேடம். போய் வாருங்கள்.