பெயரோடு வயதையும் சொன்ன சித்தி

செவ்வாய்க்கிழமை பகல், ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது தம்பியின் அழைப்பு வந்தது. "அக்கா, சித்தி போயிட்டாங்க." எனக்கு அழுகை வரவில்லை. எட்டு மாதமாக அழுது களைத்திருந்தேன்.

செல்வராணி சித்தி என் அம்மாவின் தங்கை. கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். அம்மா இறந்தபின் என்னையும் தம்பியையும் தம் மகள் சங்கீதாவோடு சேர்த்து வளர்த்தார். "இன்னைக்கு எட கொறையுது செல்வி" என்று கொழுந்து நிறுக்கும் கங்காணி சொன்னால், "தண்ணிக்குன்னு கழிக்கிறத நிறுத்துங்க, சரியா வந்துரும்" என்பார்.

போன வருடம் அவருக்கு மலத்தில் இரத்தம் போனது. மூலம் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "குடும்பத்தில யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?"

"இல்லீங்க சார்" என்றார் சித்தி. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். பொய் சொல்வதாக இருவரும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் அம்மா வயிற்று வலியில் இறந்தவர். அம்மாவோடு பிறந்த ரவி மாமா குடித்துக் குடல் வெந்து இறந்தவர். தாத்தா சோறு இறங்காமல் இறந்தவர். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நோய் தெரிய வந்தபோது ஈரல் வரை போயிருந்தது. அதன் பிறகுதான் சித்தி ட்ரங்குப் பெட்டியிலிருந்து அம்மாவுடையதும் மாமாவுடையதுமான ஆஸ்பத்திரி அட்டைகளை எடுத்துத் தந்தார். ஆங்கிலத்தில் எழுதியவை. இருவருக்கும் பெருங்குடல் புற்றுநோய். கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிக்கிறவள் நான். இவற்றை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

டாக்டர் அட்டைகளைப் பார்த்துவிட்டு வயதுகளைக் குறித்துக்கொண்டார். "அம்பது வயசுக்கு முன்னாடி ஒருத்தருக்கு வந்திருந்தாலே சொல்லியிருக்கணும்மா. இங்க கூடப்பொறந்த மூணு பேருக்கு. நீங்க சொல்றதப் பாத்தா தாத்தாவுக்கும் இரைப்பையில இருந்திருக்கலாம். பிள்ளைங்கள, பரம்பரையா வருதான்னு பாக்குற சோதனைக்கு அனுப்பணும். மாமா மகளையும் கூட்டிட்டு வாங்க."

மாமாவின் மனைவியான அத்தை சம்மதிக்கவில்லை. மகளுக்கு மஸ்கெலியாவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தீபாவளி காலையில் இறந்தவர்களுக்குப் படையல் போட்டோம். இலைக்கு முன்னால் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். சுவரைப் பிடித்து எழுந்த சித்தி பெயரோடு நிறுத்தவில்லை.

"காமாட்சி அக்கா, முப்பத்தெட்டு வயசு, குடல் கேன்சர். ரவி அண்ணன், நாப்பத்தாறு, அதே கேன்சர்."

"நல்ல நாளும் அதுவுமா வாய மூடு செல்வி" என்றார் அத்தை.

"அண்ணன குடிகாரன்னு ஊரே சொன்னப்ப யாரு வாய மூடுனா அண்ணி? திருவிழாவுக்கு மட்டும் குடிச்ச மனுசன். ஒங்க மகளுக்கு மாப்பிள்ள கெடைப்பான். மொதல்ல அவ இருக்கணும்ல?"

அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுதார். மகளைச் சோதனைக்கு அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. சித்தியும் பிறகு கேட்கவில்லை. பேசும் தெம்பு அவருக்குக் குறைந்துகொண்டே வந்தது.

நேற்று அடக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், "யாராச்சும் கேட்டா நெஞ்சு வலின்னு சொல்லிருங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "குடல் கேன்சருங்க. நாப்பத்தி மூணு வயசு. எங்க வீட்டுக்காரருக்கும் அதான்."

பெரியவர் குடையை விரித்தார். அத்தை என் பக்கம் திரும்பி, "எந்தக் கிழம போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. நான், தம்பி, சங்கீதா, மாமா மகள், நான்கு பேரும் சோதனைக்குப் போகிறோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இனிப் படுத்துக்கொள்ளுங்கள், சித்தி.