ஆதாரம் திரட்டிய அப்பா

கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியிருந்த சமயம். இரண்டாம் வகுப்பு படித்த என் மகளுக்குச் செல்போனில்தான் பாடம். அவளுடையது கிறிஸ்தவப் பள்ளி. தினமும் ஒரு ஜெபப் பாட்டோடுதான் வகுப்பு தொடங்குகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நம்ம பிள்ள எதுக்கு இதப் பாடணும்? வேற ஸ்கூல் பாப்போம்" என்று கொதித்தேன்.

"மூணு வருசமாப் பாடுறா. உங்களுக்கு இன்னக்கித்தேன் காதுல விழுந்துச்சாக்கும்" என்றாள் மனைவி.

புகார் எழுத ஆதாரம் வேண்டுமே என்று ஒரு மாதம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுக் குறிப்பெடுத்தேன்.

பிறகு கே.கே. நகரில் ஓர் இந்துப் பள்ளியைப் பிடித்தேன். வீடியோவிலேயே இன்டர்வியூ. "சாமி பாட்டு ஒண்ணு பாடு பாப்பா" என்றார் தலைமையாசிரியை. மகள் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. அடியெடுத்துக் கொடுப்போம் என்று கைகூப்பி, கண்ணை மூடி நானே உருக்கமாகப் பாடினேன். பாதியில் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அது எங்க ஸ்கூல் பாட்டு. ரெண்டாவது வரியும் தப்பு."

மகள் இன்றும் பழைய பள்ளியில்தான் படிக்கிறாள். நானோ, எதை எதிர்ப்பதாக இருந்தாலும் இப்போதெல்லாம் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறேன்.